நயினாருக்கு ஓ.டி.

"நான் பச்சைத் தட்டை நீட்டுத நாள் ஒண்ணு வந்துச்சுன்னா, அன்னைக்கு இந்தக் கம்பெனி கார் பார்ட்ஸ் செய்யுததை விட்டுட்டு மாட்டு வண்டிக்கு அச்சாணி அடிக்கும்டே! எழுதி வச்சுக்க!"

இரண்டு வருஷத்துக்கு முன், ஆயுத பூஜை விருந்தன்று, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் நயினார் வெளியிட்ட அறிக்கை இது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒருவரும் மறக்கவும் இல்லை. கேன்டீனில் மனிதர்கள் போடும் எத்தனையோ சபதங்கள் கை கழுவும் இடத்தோடு போய்விடும். இது போகவில்லை.

பச்சைத் தட்டு என்னவென்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கேன்டீனில் நல்ல உடம்புக்காரர்களுக்கு எவர்சில்வர் தட்டு. கடைசி ஜன்னலில் 'டயட் கவுண்டர்' என்று ஒன்று உண்டு. வயிறு கெட்டவர்கள் மெடிக்கல் ரூமில் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே போனால் நொய்க் கஞ்சி, இட்லி, மிளகாய் படாத மோர்ச் சாதம் கிடைக்கும். அதற்குப் பச்சை நிற பிளாஸ்டிக் தட்டு. நிர்வாகம் ஏதோ நல்ல எண்ணத்தில்தான் நிறத்தை மாற்றியிருக்கும். ஆனால் முந்நூறு எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே ஒரு பச்சைத் தட்டு நகர்ந்து போவது, பாதித் தலையை மட்டும் மழித்துக்கொண்டவன் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி எல்லார் கண்ணையும் இழுக்கும்.

அந்த ஆயுத பூஜையன்று அந்தத் தட்டோடு நின்றவன் உச்சிமாகாளி. நயினாரின் அறைத் தோழன், ஒரே ஊர்ப்பக்கம், ஏழு வயது இளையவன். இலை போட்டு வடை, பாயாசம் என்று ஊரே சாப்பிடும்போது அவன் மட்டும் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தான். அதைப் பார்த்த எழுச்சியில், இரு கையிலும் வடையோடு நயினார் எழுந்து நின்று முழங்கியதுதான் மேற்படி அறிக்கை.

நயினாருக்கு முப்பத்தாறு வயது. திசையன்விளைப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு தோல்பையுமாக இருங்காட்டுக்கோட்டையில் வந்து இறங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது ஒரகடத்தில் மெஷின் ஆபரேட்டர். பென்னலூரில் கோவிந்தம்மா வீட்டு மாடியில் ஓர் அறை. மனைவி செல்லக்கனியும் நான்கு வயது மகளும் ஊரில். இவ்வளவுதான் வெளி உலகுக்குத் தெரிந்த நயினார். உள்ளே இருக்கும் வயிறுதான் உண்மையான பிரமுகர்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் தள்ளுவண்டிகள் எல்லாம் அந்த வயிற்றுக்குக் கடமைப்பட்டவை. மற்றவர்கள் சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார்கள். நயினார் முழுக்கத் தின்று முடித்துவிட்டு, "லேசாப் புளிச்சிருக்கு. ஆனா அதுவும் ஒரு ருசிதான்" என்று தீர்ப்புச் சொல்வார். அறையில் எந்தப் பண்டத்தின் மேல் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலும் முதல் டெஸ்ட் பீஸ் அவர் வயிற்றில்தான் ஓடும். அது பாஸ் ஆகிவிடும். மற்றவர்கள் அதை நம்பிச் சாப்பிட்டு ஃபெயில் ஆவார்கள்.

ஃபெயில் ஆகிறவர்களுக்காகவே நயினார் ஒரு சொல்லையும் உருவாக்கி வைத்திருந்தார். வயிற்றோட்டத்தில் உள்ள 'ஓட்ட'த்தைப் பிடித்து, தொழிற்சாலை வழக்கப்படி அதைச் சுருக்கி, 'ஓ.டி.' ஆக்கினார். விடிந்ததும் விடியாததுமாக எவனாவது பக்கெட்டும் கையுமாகப் போனால், "என்னடே, ஓ.டி.யா? டபுளா, சிங்கிளா?" என்பார். மாடியில் இருந்த மூன்று அறைக்காரர்களுக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. இந்தப் பேட்டையில் ஓ.டி. என்றால் ஷிப்ட் முடிந்த பிறகும் கூடுதல் நேரம் வேலை செய்வது என்பது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அந்த மாடியில் மட்டும் அதற்கு வேறு பொருள்.

இந்த நேரத்தில்தான் தொழிற்சாலையில் செல் லீடர் இடம் ஒன்று காலியானது. எட்டு மெஷின்களுக்குப் பொறுப்பு. முக்கியமான சங்கதி, செல் லீடருக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாது. தெரியாத ஊரில் பிள்ளையை வைத்துக்கொண்டு ராத்திரியில் தனியாகக் கிடக்க முடியாது என்று செல்லக்கனி மூன்று வருஷமாக ஒற்றைக் காலில் நின்றாள். பகல் ஷிப்ட் ஆகிவிட்டால் வருவதாகச் சொல்லியிருந்தாள். நயினார் குன்றத்தூரில் ஒரு வீடு கூடப் பார்த்து வைத்துவிட்டார். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரியும். மகளிடம் போனில் அந்த ஜன்னலைப் பற்றித் தினமும் பேச்சு. சூப்பர்வைசர் இளம்பரிதி புதன்கிழமை மத்தியானம் பெயரை அனுப்ப வேண்டும். நயினார் பெயர்தான் என்று மெஷின்களுக்கே தெரியும்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. சனிக்கிழமை மத்தியானம் யாரோ ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் கட்டிக்கொடுத்த பிரியாணிப் பொட்டலம் ஒன்று அறை ஜன்னலில் இருந்தது. அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. வெயில் இருந்தது.

"அண்ணாச்சி, வேண்டாம். நூல் விடுது பாருங்க" என்றான் உச்சிமாகாளி.

"அது நூல் இல்லடே. நெய்" என்றார் நயினார்.

திங்கட்கிழமை விடியும்போது அது நெய் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. பதினோரு வருஷமாக அடுத்தவர்களை டபுளா, சிங்கிளா என்று கேட்டவர், எண்ணுவதையே விட்டுவிட்டார்.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய உச்சிமாகாளியைப் படுத்தபடியே கூப்பிட்டு, "லீவுன்னு மட்டும் சொல்லு. வயிறுங்கிற வார்த்தை ஒன் வாயில வரப்பிடாது. அந்த அச்சாணிப் பேச்சைக் கிண்டி எடுத்துருவானுவ" என்றார்.

உச்சிமாகாளி விசுவாசி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, நெடுநேரம் யோசித்து, வெளியாட்களுக்கு விளங்காத ரகசிய மொழியில் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டான்: "நயினார் அண்ணனுக்கு விடிய விடிய ஓ.டி. இன்னைக்கு வர முடியாது."

கட்டிலில் கிடந்த நயினார், தன் வயிற்றுக்குத் தானே மருத்துவம் பார்க்கத் தொடங்கியிருந்தார். அவருடைய தத்துவம் எளிமையானது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? எனவே தண்ணீரை நிறுத்தினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதும் தத்துவத்தில் சிறு திருத்தம் செய்து, தெம்புக்காக இரண்டு கிளாஸ் பால் டீயும் ஒரு கிரீம் பன்னும் வரவழைத்தார். அவை உள்ளே தங்கிய நேரத்தைச் சொன்னால் பன் விற்றவர் மனம் வருந்துவார். பிறகு கோலி சோடா. பிறகு, சூட்டைச் சூடுதான் எடுக்கும் என்று, மிளகாய் தூக்கலான குருமாவில் தோய்த்து அரைப் பரோட்டா. இந்த அரைப் பரோட்டாவைப் பற்றி நயினார் பின்னாளில் யாரிடமும் பேசியதில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரி கோவிந்தம்மா படியேறி வந்தாள்.

"இன்னா நயினாரு, காலீலேர்ந்து ரெண்டு தபா டேங்க் ரொப்பிட்டேன். ரெண்டு தபாவும் காலி. மேல இன்னா, கல்யாண வூடா நடக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. துணி தொவைச்சேன்."

"தொவச்ச துணி எங்க கீது? கொடில ஒரு கர்ச்சீப்புகூட இல்லியே." முகத்தைப் பார்த்தாள். கண் உள்ளே போயிருந்தது. இறங்கிப் போய், உப்புப் போட்ட நொய்க் கஞ்சி ஒரு சொம்பும், மருந்துக்கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ரெண்டும் கொண்டு வந்தாள்.

"கஞ்சி வேண்டாம்க்கா. அது நோயாளிக்கு."

"அப்போ நீ இன்னா, மாப்ளையா? பொண்ணு பாக்க வந்துக்கிறியா? பஜ்ஜி சொஜ்ஜி கொணாரட்டா?"

அவள் போனதும் நயினார் பாக்கெட்டை மட்டும் எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அதில் படம் போட்டே காட்டியிருந்தது. படமெல்லாம் சாதா வயிற்றுக்காரர்களுக்கு. நயினார் இரண்டு பாக்கெட்டையும் ஒரே கிளாஸில் கொட்டி, டீ மாதிரி காட்டமாகக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கோவிந்தம்மா மூன்றாம் தபா மோட்டார் போட வேண்டியதாயிற்று.

கஞ்சியை உச்சிமாகாளி வந்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு, முழுக் கவனத்துடன் குடித்து முடித்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இளம்பரிதி போன் செய்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். நயினாரைவிட வயதில் சிறியவர். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"நயினாரு, நேத்துலேர்ந்து ஓ.டி.ன்னு கேள்விப்பட்டேன். நெஜமா?"

நயினாருக்கு உச்சந்தலையில் இடி. ரகசியம் உடைந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

"ஆமா சார். ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சது. இன்னும் நிக்கல."

"ஞாயித்துக்கெழமலேர்ந்தா? நடுவுல பிரேக்கே இல்லியா?"

"பத்து நிமிஷம் இருந்தா அதிகம் சார். உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு."

"உக்காந்துகினே செய்ற வேலையா?"

"வேற எப்பிடி சார் செய்யதுக்கு?"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"ஒனக்கு அசிங்கமா இல்ல?"

"அசிங்கமாத்தான் இருக்கு சார். அதான் யார்ட்டயும் மூச்சு விடல."

"எச்.ஆருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியும் சார். சிரிப்பாவ."

"சிரிப்பாங்களா! நல்லா கீது கத. இன்னொரு கம்பெனில பூந்து திருட்டு டூட்டி பாத்துக்கினு, சிரிப்பாங்களாம்! போன மாசம் ரெண்டு பேர இதுக்குத்தான் வெளிய அனுப்புனாங்க. நானு ஒன் பேர செல் லீடருக்கு எழுதி வச்சுக்கினு கீறேன். நாளிக்கு வந்து மூஞ்சக் காட்டு. இல்ல, பேர மாத்திட்டு, எச்.ஆருக்கும் மெயில் போட்டுடுவேன்."

போன் துண்டிக்கப்பட்டது. நயினார் திரும்ப நான்கு முறை அடித்தார். எடுக்கவில்லை.

சாயங்காலம் அறைக்குள் நுழைந்த உச்சிமாகாளியிடம் கேட்டார். "ஏலே, குரூப்பில என்ன எழவை எழுதிப் போட்ட?"

அவன் போனை நீட்டினான். நயினார் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"வயிறுன்னு சொல்லக்கூடாதுன்னிய. அதான்" என்றான் உச்சிமாகாளி. "அது நீங்க வச்ச பேருதான அண்ணாச்சி."

நயினாரால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை. திட்ட வாய் திறந்தபோது வேறு அவசரம் வந்துவிட்டது.

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். நேராக மெடிக்கல் ரூம். நர்ஸ் ஷெர்லின் பிரஷர் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கையின் மேல்தோலைக் கிள்ளி விட்டாள். அது ஆற அமர யோசித்துத்தான் பழைய இடத்துக்குப் போனது.

"ஜுரம் இருக்கா? ரத்தம் போச்சா?"

"இல்ல சிஸ்டர்."

"யூரின்?"

"நேத்து ரொம்பக் கொஞ்சம். இன்னைக்குத்தான் கொஞ்சம் பரவால்ல. ராத்திரி தாகம் தாங்காம ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டேன்."

"குடிச்சிட்டேன்னு குத்தம் பண்ண மாதிரி சொல்றீங்க! அதுக்கு முன்னால என்னதான் குடிச்சீங்க?"

நயினார் சொன்னார். பால் டீயைச் சொல்லும்போது அவள் நெற்றி சுருங்கியது. சோடாவுக்குப் பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டு பாக்கெட்டை ஒரே கிளாஸில் கரைத்ததைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பரோட்டாவை நயினார் சொல்லவில்லை.

"அண்ணே, உங்க மெஷின்ல சூடு ஏறாம இருக்க ஊத்துற கூலன்ட் லீக் ஆனா, ஊத்துனாத்தான ஒழுகுதுன்னு ஊத்துறத நிறுத்திட்டு ஓட்டுவீங்களா?"

"அதெப்பிடி? டூல் கருகிரும்லா!"

"தண்ணி கலக்காம ஆயிலை மட்டும் ஊத்துவீங்களா?"

"சேச்சே. அளவு இருக்குல்லா. அதுக்கு மீட்டரே வச்சுப் பாப்போம்."

"மெஷினுக்கு மட்டும் இவ்ளோ தெரியுது."

நயினார் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தத்துவத்தை முழுசாகப் புரிந்துகொண்டார். பதினோரு வருஷமாக இரும்பு, இரும்பு என்று வயிற்றைச் சொல்லிக்கொண்டு, இரும்புக்குச் செய்யும் மரியாதையைக்கூட அதற்குச் செய்யவில்லை.

ஷெர்லின் ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரே ஒரு பாக்கெட்டைக் கரைத்துக் கையில் கொடுத்தாள். "மடக் மடக்னு குடிக்காதீங்க. வாய் வாயா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு வாட்டி போயிட்டு வந்ததும் ஒரு டம்ளர். பசிச்சா கஞ்சி, உப்புப் போட்டு. இட்லி, மோர்ச் சாதம், வாழப்பழம். இளநீ கிடைச்சா குடிங்க. பால், டீ, எண்ணெய், காரம் ஒரு ரெண்டு நாள் பக்கத்துல வரக்கூடாது. ஜுரமோ ரத்தமோ வந்தாலும், யூரின் நின்னாலும் நேரா ஆஸ்பத்திரி. இன்னைக்கு மெஷின் பக்கமே போகாதீங்க. இங்க வந்ததே தப்பு."

டயட் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அதை நயினார் நான்காக மடித்து, சட்டைப் பையின் அடியில் புதைத்தார். பச்சைத் தட்டுக்கு அவசியம் இருக்காது. சீட்டை இளம்பரிதியிடம் தனியாகக் காட்டினால் போதும். விஷயம் இரண்டு பேரோடு முடிந்துவிடும்.

லைன் ஓரத்தில் இளம்பரிதி கையில் லிஸ்ட்டோடு நின்றிருந்தார். நயினார் குரலைத் தாழ்த்தி, அந்தச் சொல்லின் பிறப்பு, வளர்ப்பு, மாடியில் அதற்கு உள்ள பொருள் எல்லாவற்றையும் விளக்கி, சீட்டைப் பிரித்துக் காட்டினார்.

இளம்பரிதி சீட்டைப் பார்த்தார். நயினாரைப் பார்த்தார். நயினாரின் வயிற்றைப் பார்த்தார்.

"வயித்தால போச்சு. ஒனக்கு."

"ஆமா சார்."

"நயினாரு, கத வுடு. வேணாம்னு சொல்லல. ஆனா நம்புற மாரி வுடு. போன வருஷம் டூர் போனப்போ நாப்பது பேரு அதே கறியத் துன்னோம். நானு ரெண்டு நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன். நீ மட்டும் மிச்சத்தப் பார்சல் கட்டினு வந்த. ஒனக்கு வயிறு சரியில்லன்னு சொன்னா, அந்த செவுரு நம்பாது."

"சீட்டு இருக்கே சார்!"

"சீட்டு இன்னாய்யா சீட்டு. டபுள் டூட்டி பாத்தவன் மூஞ்சியும் இப்டித்தான் தொங்கிக்கினு கீது. சிஸ்டராண்ட போயி வயித்தப் புடிச்சுக்கினு நின்னா யாருக்கும்தான் சீட்டு. சீட்ட வாங்கிக்கினு இன்னிக்கு பிரியாணி க்யூல எத்தினி பேரு நிக்கப் போறான், நீயே பாரு." லிஸ்ட்டை மடித்தார். "சாப்ட்டு வந்து லிஸ்ட்ட அனுப்பணும். அதுக்குள்ள நம்புற மாரி எதுனா இருந்தா சொல்லு."

இரும்பு வயிறு என்று ஊரை நம்பவைக்கப் பதினோரு வருஷம் உழைத்தவர், அந்த உழைப்பு இவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை என்றால் கேன்டீனில் கோழி பிரியாணி. வாசம் பார்க்கிங் வரை வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போகும். க்யூ கை கழுவும் இடத்தைச் சுற்றி வளைந்திருந்தது. நயினார் வழக்கம்போல் அதன் வாலில் போய் நின்றார். கால் தானாகக் கொண்டுபோய் நிறுத்தியது. முன்னால் நின்றவன் திரும்பி, "அண்ணே, ரெண்டு நாளா ஆளக் காணோம், லெக் பீஸெல்லாம் தேங்கிப் போச்சு!" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நயினாரும் சிரித்தார். சிரித்ததில் வயிறு ஒரு சுற்றுச் சுற்றியது.

ஜன்னலோர மேஜையில் இளம்பரிதி பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் அந்த லிஸ்ட். அது காற்றில் பறக்காமல் இருக்கத் தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தை மேலே வைத்திருந்தார். நயினாருக்குக் குன்றத்தூர் வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. மலை தெரியுமா, மயில் வருமா என்று மகள் கேட்டிருந்தாள். வரும் என்று சொல்லி வைத்திருந்தார். அதையும் இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

க்யூ நகர்ந்தது. நயினார் நகரவில்லை. பின்னால் நின்றவனுக்கு வழிவிட்டு வெளியே வந்தார்.

டயட் கவுண்டரில் யாருமில்லை. உள்ளே கஞ்சி ஊற்றும் சுப்பிரமணி கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் தலையைத் தூக்காமலே, "ரெகுலரு அந்தாண்டபா" என்றார். பிறகு தலையைத் தூக்கினார்.

"இன்னா நயினாரு, வழி மாறி வந்துட்டியா?"

நயினார் பையின் அடியிலிருந்து சீட்டை எடுத்தார். நான்கு மடிப்பையும் பிரித்து, மேடையில் வைத்துக் கையால் நீவிவிட்டார். அடுக்கிலிருந்து பச்சைத் தட்டு ஒன்றை அவரே எடுத்து, ஒரு கிண்ணத்தை அதில் வைத்து, ஜன்னலுக்குள் நீட்டினார்.

கேன்டீன் சத்தம் ஒரு பக்கத்திலிருந்து குறையத் தொடங்கியது. முதலில் க்யூவின் வால். பிறகு நடு மேஜைகள். கடைசியாக ஜன்னலோரம். உச்சிமாகாளி மட்டும் வாயில் வைத்த கோழிக்காலை எடுக்காமல் அப்படியே இருந்தான். எங்கேயோ ஒரு குரல், "டேய், அச்சாணி..." என்று ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவன் முதுகில் ஒன்று வைத்ததில் அது பாதியில் நின்றது.

நயினார் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மேஜைகளைக் கடந்து, ஓரமாக ஓரிடம் பிடித்து உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஷட்டர் வழியே லாரி தெரிந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று கார் பார்ட்ஸ் அடுக்கிய பெட்டிகளை வழக்கம்போல் ஏற்றிக்கொண்டிருந்தது. கஞ்சியை ஊதினார். ஒரு வாய் குடித்தார். உப்பு சரியாக இருந்தது. அவசரப்படாமல், சிஸ்டர் சொன்னபடி, வாய் வாயாக.

ஜன்னலோர மேஜையில் இளம்பரிதி பச்சடிக் கிண்ணத்தை நகர்த்தினார். லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தார். எதையும் அடிக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து, நயினாரைக் கடக்கும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கிண்ணம் காலியானது. நயினார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எழுந்து, எல்லார் கண் முன்னாலும் பச்சைத் தட்டை ஏந்திக்கொண்டு, ஆறு மேஜைகளையும் திரும்பக் கடந்து ஜன்னலுக்குப் போனார்.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்கண்ணே" என்றார். "கொஞ்சம் தண்ணியா."